ஐந்து ஐம்பதுக்கு றொபேட்

மறுபடியும் கணினித் திரை கறுத்துக் கிடந்தது. அதன் நடுவில் 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்ற எழுத்து மட்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை.

"றொபேட் இருக்கேக்க ஒருநாளும் இப்பிடி வரேல்ல, தவா அண்ணை," என்றாள் சீலா.

கணினி திருத்த வந்த தவராசாவுக்கு அந்த ஒரு வசனம் இரண்டு இடத்தில் குத்தியது. றொபேட் வெறும் றொபேட். இவன்தான் அண்ணை.

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தத் தனியார் பஸ் அலுவலகத்தில் சீலாதான் எல்லாம். எந்த பஸ் எங்கே போகிறது, யார் வாடகைக்குக் கேட்டார்கள் என்பதையெல்லாம் அவள்தான் கணினியில் ஏற்றுவாள். வைரஸ் வராது என்று சொல்லி அதில் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தவன் றொபேட். அவளுக்கும் பழக்கிவிட்டானாம். பாலையூற்றுக்காரன், அவளுடைய தேவாலயத்தில் கிற்றார் வாசித்தவன். போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

காணாமற்போன ஒருவனோடு எப்படிப் போட்டி போடுவது? அவனுக்கு முடி கொட்டாது. அவன் பிந்தி வரமாட்டான். சொன்னதை மறக்கமாட்டான்.

இப்படி நினைப்பது பாவம் என்று தவராசாவுக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தான்.

தன்னைக் கட்டச் சம்மதமா என்று இன்றைக்கு அவளிடம் கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தான். காலை ஆறு மணிக்கு அவள் போனில் கூப்பிட்டதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், அயன் பண்ணிய நீலச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து ஒரே மூச்சில் சைக்கிளை மிதித்தான். முற்றத்தில் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாரதி அலியார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வருத்தம் கொம்பியூட்டருக்கோ, தம்பிக்கோ?"

தவராசா உள்ளே வந்து கதிரையை இழுத்துப்போட்டான்.

திரைக்கு உயிர் போகவில்லை. அது தாங்கமுடியாத வேகத்தில் கணினி படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். படம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டும் வருகிற பக்கம் வந்தது. திரைக்கான கோப்பைத் திறந்தான்.

அதே வரி. திரையின் வேகம் அறுபது என்று இருக்கவேண்டிய இடத்தில் தொண்ணூறு. போன தடவையும் இதைத்தான் திருத்திவிட்டுப் போனான்.

எண் தானாக மாறுமா?

கடைசியாக உள்ளே வந்தது யார் என்று கணினியைக் கேட்டான்.

றொபேட். இன்று. காலை 5.50.

அந்த வரியை இன்னொருதரம் வாசித்தான். பிறகுதான் விளங்கியது. அவனுடைய கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது. விடியமுன் வந்து, தனியே இருந்து, அவனுடைய பெயருக்குள் நுழைந்து, அவன் விட்டுப்போனதையெல்லாம் தடவித் தடவிப் பார்க்கிறாள். ஏதோ கை தவறிப் பழுதானதும் திருத்துவதற்கு இந்த அண்ணை.



எண்ணைத் திருத்தினான். அதோடு நிற்கவில்லை. றொபேட் என்ற பெயரையே கணினியிலிருந்து நீக்கினான். நிச்சயமாகவா என்று அது கேட்டது. நிச்சயமாகத்தான். திரைக்கான அந்தக் கோப்பையும் தன்னைத் தவிர வேறொருவரும் தொடமுடியாதபடி பூட்டினான்.

"இனி இந்தப் பழுது வராது, சீலா. என்னைத் தவிர ஒருத்தரும் கைவைக்க ஏலாது. றொபேட்டின்ர பேரையும் எடுத்துப்போட்டன்."

அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நினைத்தான். அவள் பயந்தாள். சோதனைச் சாவடியில் வைத்து அடையாள அட்டையைக் காணவில்லை என்று தேடுகிறவளின் முகம் அது.

"ஏன் எடுத்தனீங்கள்? திருப்பிப் போடுங்கோ."

"ஏன், ஆள் வந்து வேலை செய்யப்போறாரோ?"

வாயை விட்டு வந்துவிட்டது.

திரை வெளிச்சமானது. எவ்வளவு துல்லியம் பார் என்று காட்டுவதற்காக, அவளுடைய பயண அட்டவணையைத் திறக்கப்போனான். காலையில் மூடாமலே நின்றுபோன பக்கத்தை மீட்கவா என்று கணினி கேட்டது. அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் ஓம் என்று அழுத்திவிட்டான்.

இராணுவ முகாமுக்கு வாடகைக்குப் போன பஸ்களின் பட்டியல். சுற்றிவளைப்பில் பிடிக்கிற ஆட்களை ஏற்றுவதற்கு. இன்றைய வரி கடைசியில் இருந்தது: அன்புவழிபுரம், மூன்று பஸ், காலை 7.30.

சுவர்க் கடிகாரத்தில் எட்டாக இன்னும் பத்து நிமிடம்.

மேலே அன்புவழிபுரம் என்று இன்னும் மூன்று வரிகள். அந்தத் திகதிகள் அவனுக்கு மனப்பாடம். அவள் கூப்பிட்டு, திரை திருத்த வந்த மூன்று நாட்கள். மத்தியானம் திரும்பிப் போனபோது ஒழுங்கையில் பெண்கள் குழறி அழுதுகொண்டிருந்த நாட்கள். அந்தத் தொண்ணூறு கை தவறி விழுந்த எண் இல்லை.

இந்தப் பட்டியலைப் பற்றி வெளியே ஒரு சொல் சொன்னாலும் அடுத்த பஸ்ஸில் அவளையே ஏற்றுவார்கள்.

அவன் இன்னும் மேலே போனான். முதல் வரி போன வருடத்தது. பாலையூற்று, இரண்டு பஸ். றொபேட்டைக் கொண்டுபோன நாள். பதிவு செய்தவர்: சீலா.

அன்று திரை நன்றாக வேலை செய்திருக்கிறது.