இரண்டு விசில்

பணிமனைக்கு எதிரே போட்ட பந்தலில் கண்டக்டர் அக்கா கழுத்து விசிலோடு உட்கார்ந்திருக்கிறாள். வேலைநிறுத்தம் தொடங்கியும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. கம்பிக்கதவுக்கு அப்பால் அவளுடைய பஸ் வெயிலில் நிற்கிறது. பின்கண்ணாடி முழுக்கப் புழுதி. மாடி அறையில் சங்கத்துக்காரர்கள் அதிகாரிகளோடு பேசுகிறார்கள். பட்ஜெட்டில் துண்டு விழுகிறதாம். இனிமேல் சங்கத்தைக் கேட்காமலே சம்பளத்தை முடிவு செய்வார்களாம். "அவங்களுக்குத் துண்டு விழுந்தா நம்ம தோள்லேருந்தா உருவணும்?" என்று அவளுடைய டிரைவர் தன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். பந்தலுக்குள் இன்னும் சிலர் நுழைகிறார்கள். "உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க" என்கிறாள், தன்னை மறந்து. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவளும். அப்போது உள்ளே மெக்கானிக், பேட்டரி இறங்கிவிடாமலிருக்க, அவளுடைய பஸ்ஸை உறுமவிடுகிறார். சிரிப்பு அடங்குகிறது. டிரைவரின் வலது பாதம் மண்ணை மெல்ல அழுத்துகிறது. "ரெண்டு விசில் குடுக்கா, கிளம்பிடலாம்." "இரு தம்பி. மேல பேசி முடிக்கட்டும்." இன்ஜின் நிற்கிறது. விசில் எப்போது உதட்டுக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஊதவில்லை, மாடி ஜன்னலையே பார்க்கிறாள். விசிலுக்குள் இருக்கும் குண்டு மட்டும் அவள் மூச்சில் லேசாக உருள்கிறது.