சோடியம் வெளியேறும் வழி

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்த நேரம் பார்த்து, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

உள்ளே அவளும் அவளுடைய ஆராய்ச்சிக் கைடும் மட்டும்தான்.

அவர் அவசர மணியை அழுத்தினார். ஆள் வந்துகொண்டிருப்பதாக யாரோ வெளியிலிருந்து கத்தினார்கள்.

மேலே அரங்கில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. முனைவர் பட்டத்துக்கு முன்னால் அவள் பேச வேண்டிய கடைசிப் பேச்சு.

அவரைத் தனியாகப் பிடிக்கக் காலையிலிருந்து நாயாய் அலைந்தாள். இப்போது தனியாகக் கிடைத்துவிட்டார். நழுவிப்போக அவருக்கும் வழியில்லை, அவளுக்கும் இல்லை.

விஷயம் இதுதான். சோடியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது சோடியம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அதுதான் அனோடு. செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியத்தைவிடச் சோடியம் உடம்பு பெருத்தது. கண்ட இடத்திலும் நுழையாது.

அது தாராளமாக நுழைந்து, கூப்பிட்டதும் வெளியே வந்துவிடக்கூடிய ஓர் அடுக்குப் பொருளைக் கம்ப்யூட்டர் கணக்கிலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் பல வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. அதில் இரண்டே பெயர்கள். இரண்டாவது, கைடுடையது. முதல் பெயருக்கு உரியவர் அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. எங்கே போனார் என்று ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கைடு பெரிய ஆளானது அந்தக் கட்டுரையால்தான்.

அதே பொருளை வைத்து அவள் போட்ட கணக்கிலும் சோடியம் நுழைந்தது. ஆனால் முழுசாக வெளியே வரவில்லை.

பழைய கணக்கில், அடுக்குகளை நன்றாக விரித்து, அசையவிடாமல் அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். அவள் பூட்டை எடுத்துவிட்டாள். பாதிச் சோடியம் வெளியேறியதும் அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்கி, மிச்சத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டன. எந்தப் பக்கம் தள்ளினாலும் நகரவில்லை.

தன் பக்கம்தான் தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டாள். சொல்லி வைத்த மாதிரி அதே விடை.

காரணத்தைச் சொல்லாமல், தலைப்பையாவது மாற்றித் தாருங்கள் என்று முன்பே அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் மசியவில்லை. இதில்தான் பட்டம், இஷ்டமிருந்தால் இரு என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"உங்க சாரைப் பகைச்சுக்கிட்டு எங்க போய் வேலை கேப்ப?" என்றான் கணவன். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்தத் துறையில் வேலை போட்டுக் கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் அவருக்கு வேண்டியவர்கள்.

அதனால் லேப்டாப்பில் இரண்டு பேச்சுகளைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றில் அந்தக் கணக்கே கிடையாது.

லிஃப்டின் மின்விசிறியும் நின்றிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

கொட்டிவிட்டாள். பூட்டு, அடுக்கு, உள்ளே மாட்டிக்கொண்ட சோடியம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

கத்துவார் என்று நினைத்தாள். அவர் இரும்புச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெகுநாளாகப் பிடித்து வைத்திருந்தது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"தெரியும்மா. கட்டுரை வந்த கொஞ்ச நாள்லயே தெரியும்."

அவள் பயந்து பயந்து கழித்த நாட்களெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து கோபமாகத் திரண்டன. அவர் அவளைப் பார்க்காமல் கதவையே பார்த்துப் பேசினார்.

"முதல் பேரு என் வீட்டுக்காரியோடது. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரு. பெரியவன் பொறந்ததும் வேலைய விட்டுட்டா. அவ சாதிச்சதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் தப்புன்னு நான் எந்த வாயால சொல்ல? வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னுதான் வர்றவங்களுக்கெல்லாம் இந்தத் தலைப்பையே குடுத்தேன். அத்தனை பேரும் எனக்குப் பிடிச்ச மாதிரி விடையை வளைச்சுக் குடுத்துட்டு, பட்டத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அதற்குள் லிஃப்ட் முனகிக்கொண்டு நகர்ந்தது. கதவு திறந்தது.

வெளியே அவருடைய மனைவி நின்றிருந்தார். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. யாருடைய கடைசிப் பேச்சையும் அவர் தவறவிட்டதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை கவனித்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து போவார். வீட்டில் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

"பயந்துட்டியா?" என்று அவள் கையைப் பற்றி வெளியே இழுத்துக்கொண்டார்.

கைடு இறங்கவில்லை. கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவு முழுக்க மூடும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு அரங்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தார்.

"அவர் மனசு நோகுமேன்னு நீயும் விடையை மாத்திட்டியாம்மா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

பற்றிய கையை விடாமல், அக்கா அவளை அரங்குக்குள் கூட்டிக்கொண்டு போனார்.