இடது பக்கம் இழுக்குது

“இன்னிக்கு உன்னை உயிரோட விடமாட்டேன்டி!”

சுத்தியல் இறங்கியது. சமையலறையில் நின்றிருந்தவளின் தோள்கள் தாமாகக் குறுகின. அடுத்த அடிக்குக் காத்திருந்தே பழகிப்போன உடம்பு.

இந்தத் தடவை அடி ஜீப்புக்கு. முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் அவள் கணவன். தேய்ந்துபோன சஸ்பென்ஷன் புஷ் துருவேறிப்போய், இருந்த இடத்தைவிட்டு வரமாட்டேன் என்றது. இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான். பெண்டாட்டிக்கு வைத்திருக்கும் வசவுகளையெல்லாம் அதன்மேல் கொட்டி, மாறி மாறி அடித்தான்.

“ஏய் மூதேவி! வந்து டார்ச் பிடி!”

வந்து பிடித்தாள். அவள் உதடு கிழிந்திருந்தது. மெக்கானிக் பேச்சை எடுத்ததற்குக் கிடைத்த கூலி.

“மேட்டுல இருந்து இறங்குற வளைவு இருக்கில்ல, அங்க பிரேக் போட்டா ஸ்டியரிங் வெடுக்குன்னு இடது பக்கம் இழுக்குதுங்க. பள்ளத்துப் பக்கம். கடையில விட்டுடுங்க, நீங்க கை வைக்காதீங்க” என்றுதான் சொன்னாள்.

“ஏன், அவன் என்ன பெரிய மன்மதனா? போய்ப் பார்க்கணும்னு துடிக்குதா?” என்று பளாரென்று விட்டான். பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். நிஜமாகவே இழுத்தது. அவள் வேண்டாம் என்றால் அதைச் செய்து காட்டாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கே புது புஷ் வாங்கி வந்துவிட்டான்.

அவன் ஸ்பேனரை எடுத்து விளையாடிய பாப்பாவுக்கு நேற்று விழுந்தது. நாலு வயதுக் கன்னத்தில் விரல்கள் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன. குழந்தைமேல் அவன் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை.

டார்ச்சைப் பிடித்திருந்தவளின் இன்னொரு கை, மெல்ல ஜாக்கிக் கம்பியின்மேல் போய் நின்றது.

“கையை எடுடி! அது இறங்கிச்சுன்னா நான் நசுங்கிச் செத்தேன்!”

“தெரியும்.”

“தெரியுமா?” அடியிலிருந்து சிரிப்பு வந்தது. “அதுக்கெல்லாம் தைரியம் வேணும்டி. உன் வம்சத்துக்கே கிடையாது.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பழைய புஷ் ஒருவழியாகத் தெறித்து விழுந்தது. நீளமான போல்ட்டையும் பழைய குழாய்த் துண்டையும் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதியதை முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்தான். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு டப்பா சுவரில் மோதி நசுங்கியது. பாப்பா ஓடிவந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினான். “முடிஞ்சுது! இதுக்குப் போய்க் கடைக்காரனுக்குக் கூலியாம்!”

“ஏங்க, போல்ட்டை முழுசா இறுக்கிட்டீங்களா?”

“பின்னே?”

“சக்கரம் தொங்கும்போது இறுக்கினா, வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிடுமாம். வண்டி தரையில நின்னு, சீட்டுல ஆள் உக்காந்த பிறகுதான் கடைசியா இறுக்கணுமாம். மெக்கானிக் சொன்னாரு. விடுங்க, அதையாவது அவரே பண்ணட்டும்.”

“அவரு! சொன்னாரு!” பாய்ந்து வந்து அவள் கூந்தலைப் பிடித்து உலுக்கினான். “எனக்குத் தெரியாதா? நான் பண்றேன் பாரு! ஏறுடி உள்ள. அந்தக் குட்டியையும் தூக்கிப் போடு, எடை இருக்கட்டும்!”

பாப்பாவைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். “இது அசையவே இல்லீங்க. பூட்டியிருக்கா?”

சலித்துக்கொண்டே கழுத்துக் கயிற்றைக் கழற்றினான். போன வாரம் டேங்கில் டீசல் குறைந்திருந்ததிலிருந்து சாவி அங்கேதான் தொங்கியது. தெருப் பயல்கள் திருடிவிட்டார்கள் என்று நாலு பேரோடு கைகலப்பு வேறு. அதற்குப் பிறகு குடித்துவிட்டுக் கவிழும்போதுகூட, சாவிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் கவிழ்ந்தான்.

சாவியைப் போட்டு, சக்கரங்களை நேராக்கினான். “நடுவுல இருக்கிறது பிரேக். அதை மிதிச்சுக்கிட்டு பொம்மை மாதிரி உக்காரு. வேற எதையாவது தொட்டே, கையை உடைப்பேன்.”

“நடுவுலயாங்க?”

“சனியன்! ஆமாடி!”

ஜீப் உயரமானது. கால்களை வாசல் பக்கம் நீட்டி, முன்சக்கரங்களுக்கு நடுவே நீளவாக்கில் நுழைந்தான். போல்ட்டுகளைத் தளர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினான். ஸ்பேனர் கிறீச்சிட்டது. கடைசி போல்ட்டும் அசையாமல் நின்றது.

“அவ்வளவுதான்! போய்ச் சொல்லு உன் மெக்கானிக்கிட்ட!”

எஞ்சின் உறுமியது.

“ஏய்! எதைடி தொட்டே? அணைடி! நான் அடியில இருக்கேன்!”

கியர் சுத்தமாக விழும் சத்தம் கேட்டது. ஹேண்ட்பிரேக் இறங்கியது. அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது.

“ஐயோ... வேணாம்மா! என்னைக் கொன்னுடாதம்மா!”

அவன் அவளை ‘அம்மா’ போட்டுப் பேசி எத்தனை வருடமாயிற்றோ. கிளட்ச் நிதானமாக மேலேற, ஜன்னல் வழியே அவள் குரல் மட்டும் வந்தது.

“அசையாம படுங்க, நேராவே போயிடுவேன். போன வாரம் மாதிரி இப்ப இடது பக்கம் இழுக்காது!”