சொன்னதும் எடுத்துக்கொண்டவள்

"உங்க பனிச்சறுக்குக் கட்டை எவ்வளவு அழகா இருக்கு, கியூமர்ஸ் கான்!" என்றாள் மாஹ்ரூ.

"உங்களுக்குத்தான் மாஹ்ரூ, எடுத்துக்கோங்க" என்றார் கியூமர்ஸ்.

எங்கள் ஈரானிய மலையூரான ஷெம்ஷக்கில் ஒரு பொருளைப் புகழ்ந்தால் உடையவர் இப்படித்தான் சொல்வார். "ஐயையோ, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மறுக்க வேண்டியது புகழ்ந்தவர் பொறுப்பு. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"ரொம்ப நன்றி" என்று அந்தப் பளபளப்பான சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டாள் மாஹ்ரூ. "என்னோடதை நீங்க போட்டுக்கோங்க."

சறுக்குக் கட்டைக் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் தேர்வு. இருவரும் அதற்குத்தான் வந்திருந்தார்கள். கியூமர்ஸுக்கு இது மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் வாய்ப்பே கிடையாது. டெஹ்ரானில் டாக்ஸி ஓட்டப் போக வேண்டியதுதான்.

சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவார்? கீறல் விழுந்த அவளுடைய அகலக் கட்டைகளை வெடுக்கென்று எடுத்தார்.

"இதுல போயே தேறிக் காட்டுறேன்!"

"வெட்கங்கெட்டவ" என்றார் சூப் விற்கும் நாதெர். நானும் தலையாட்டினேன். எனக்கும் அவ்வளவு கோபம்.

மத்தியானம் முடிவு வந்தது. கியூமர்ஸ் தேறிவிட்டார். மாஹ்ரூ தவறிவிட்டாள்.

"கடவுள் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்!" நாதெர் ஆளுக்கொரு கிண்ணம் சூப் ஊற்றினார்.

கியூமர்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "கட்டையில என்னய்யா இருக்கு? எல்லாம் கால்ல இருக்கு. மேலே முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பனி, கீழே வெயில்ல கஞ்சியாட்டம் குழைஞ்ச பனி. அந்த ஓட்டைக் கட்டையிலயே இறங்கி வந்தேன்ல! அவ என் பந்தயக் கட்டையை வெச்சுக்கிட்டு நாலு தடவை புதைஞ்சா."

கட்டைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் எஸ்கந்தர் நிமிர்ந்தார்.

"போதும் கியூமர்ஸ். உன் ஒல்லிக் கட்டை இறுகின பனியில பறக்கும், இளகின பனியில முங்கும். போன ரெண்டு தடவையும் அதனாலதான் தவறினே. எல்லாப் பனிக்கும் தாங்குற மாதிரி அகலமா எடுன்னு அந்தப் பொண்ணு பத்து தடவை சொல்லிச்சு. கேட்டியா?"

"நேத்துப் பொறந்த புள்ள எனக்குப் பாடம் எடுக்குறதா?"

"அதான். யார் சொன்னாலும் நீ கேக்கமாட்டே, ஆனா மரியாதைக்குச் சொன்ன சொல்லைத் தாண்டமாட்டே. அது அவளுக்குத் தெரியும்."

கியூமர்ஸ் சிரித்தார். "நல்லாக் கதை விடுறீங்க உஸ்தா! எனக்காகத் தன் தேர்வையே ஒருத்தி தொலைப்பாளா?"

"அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கு, உனக்கு இல்ல."

"சும்மா இருங்க. திட்டம் போட்டுச் செஞ்சாளா என்ன? வெறும் பேராசை."

எஸ்கந்தர் மெழுகைக் கீழே வைத்தார்.

"பூட்ஸை மாட்டுற பூட்டை ஆளுக்கு ஆள் அளவு மாத்தணும். காலையில உன் கட்டையை அவ காலுக்கு மாத்தினேன், நீயும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னே. அவ கட்டையை உன் காலுக்கு மாத்தினேனா? அதை அவ நேத்தே உன் பூட்ஸ் அளவுக்கு மாத்தி வாங்கிட்டுப் போயிட்டாப்பா!"