நேர் அம்பு

பிஸ்கட் கம்பெனியில் அடுப்புக்கும் பேக்கிங் மேசைக்கும் நடுவே மறிப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் ட்ராலி தள்ளுகிறவர்கள் பாதி வழியில் ஒரு காலி இடத்தைச் சுற்றி வளைந்துதான் போனார்கள். இளம்பரிதி காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை நடக்கும் வழியைக் கட்டமும் அம்புமாக வரைந்து, வீணானதை வெட்டித் தள்ளுவது அவன் தொழில். போய்த் தடவிப் பார்த்தான். தரையில் பள்ளமில்லை, ஈரமில்லை.

போன வருடம் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கருகிய பிஸ்கட்டுகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தவள், எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட சகாயமேரி. அதற்கு ஒரு கேமரா போதும் என்று அவளுடைய கட்டத்தை வரைபடத்திலிருந்து அழித்தவனும் அவன்தான். அந்த மாதமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, வெள்ளைப் பலகையில் அடுப்பிலிருந்து பேக்கிங்குக்கு நேராக ஓர் அம்பு இழுத்தான்.

"நாளையிலருந்து இப்படித்தான் போகணும். சுத்திப் போனா நேரம் வீணாகுது, புரியுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ட்ராலி தள்ளும் அருளப்பன் மட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து, அம்பின் நடுவில் விரலை வைத்தான்.

"கோட்டக் கொஞ்சம் வளைச்சுப் போடுங்க சார். அக்கா மேல ஏறுது."