ஈரக்கால்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நாயும் கழுதையும் தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடின. மார்கழிப் பனி வந்ததும் நாய் அடுப்புச் சாம்பலை விட்டு எழவில்லை. கழுதை ஓடிவிட்டுத் திரும்பும் நேரத்தில் மட்டும் எழுந்து, தொட்டித் தண்ணீரில் கால்களை நனைத்துக்கொண்டு நிற்கும். "நான் முன்னாடியே ஓடிட்டு வந்துட்டேன்" என்று சொல்லும்.

ஒருநாள் கழுதை இருமிக்கொண்டே வந்தது.

"உடம்பு சரியில்லையா?" என்று நாய் கேட்டது.

"ஒண்ணுமில்ல. நீ தனியா ஓடறியேன்னு நாலு நாளா இன்னும் சீக்கிரமே கிளம்பறேன். இந்தப் பனியில உன்னைக் கண்டுபிடிக்கவே முடியல."

நாய் தலையைக் குனிந்துகொண்டது. "நான் ஓடவே இல்ல" என்றது.

கழுதை இருமி முடித்தது. பிறகு, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டது.

அது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நாய்க்கு.