ஆறு மணிக்குக் கிளம்புவது

ஜானகி பட்டனைத் தட்டிய மறுநொடியே ஆபீஸில் இருந்த அத்தனை செல்போன்களும் ஒன்றாகச் சிணுங்கின.

பக்கத்து சீட் பிரபு தன் போனைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சுக்கீற? எல்லாருக்கும் வந்துகீது."

ஈக்காட்டுத்தாங்கலில் லிஃப்ட் உதிரி பாகங்கள் விற்கும் அந்த ஆபீஸுக்கு அந்த வாரம்தான் புதிதாக ஓர் ஆன்லைன் செயலி வந்திருந்தது. முதலாளி தி.நகர் ஓட்டலில் நடந்த ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து, எழுதி வைக்காத இலக்கு இலக்கே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆபீஸ் இலக்கு ஒன்றும் சொந்த இலக்கு ஒன்றும் செயலியில் எழுதியாக வேண்டும். சொந்த இலக்கை மட்டும், வேறு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஜானகி எழுதினாள். பூட்ட மறந்துவிட்டாள்.

'மேனேஜர் எழுந்திருக்கும்வரை வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கூத்தை நிறுத்த வேண்டும். தினமும் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.'

இதுதான் அவள் எழுதியது. மேனேஜர் கஸ்தூரிரங்கனுடைய போனும் சேர்ந்துதான் சிணுங்கியது.

அவர் இந்த ஆபீஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மயிலாப்பூர்க்காரர். அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வந்த புதிதில் ஒருநாள் பிரபு ஆறு மணிக்குப் பையைத் தூக்கினான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் அவனைப் பார்த்தார், அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

சார் குறித்து வைத்துக்கொள்கிறார் என்று ஒருவர் சொன்னார். இன்க்ரிமென்ட்டில் கை வைப்பார் என்று இன்னொருவர் சேர்த்தார். மறுநாளிலிருந்து ஒருத்தரும் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. மேனேஜர் ஏழரைக்குக் கிளம்பும்வரை கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்காருவதே அந்த ஆபீஸின் வழக்கமாகிவிட்டது. காலையில் முடித்த பில்லையே சாயங்காலம் திறந்து திறந்து மூடுவதில் ஜானகி கைதேர்ந்துவிட்டாள்.

மற்றவர்களுக்கு அது வெறும் சலிப்பு. ஜானகிக்கு அப்படியில்லை. அவளுடைய மூன்று வயது மகள் நிலா மேற்கு மாம்பலத்தில் ஒரு டே கேரில் இருக்கிறாள். அது ஏழு மணிக்கு மூடிவிடும்; மூன்று மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடித்தான் எட்டு மணிவரை பார்த்துக்கொள்ளச் செய்திருந்தாள். நேற்று இவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது எல்லா விளக்கையும் அணைத்திருந்தார்கள். குழந்தை செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. டே கேர் நடத்தும் அம்மா, அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கணவனுக்கு ஷிஃப்ட் வேலை. டே கேர் இல்லையென்றால் இவள் வேலைக்கு வர முடியாது. இவள் சம்பளம் இல்லையென்றால் வீடு ஓடாது. மேனேஜரிடம் நேரில் கேட்டால் என்ன என்று கணவன் கேட்டான். அவ்வளவு தைரியம் இருந்தால் அவள் ஏன் செயலியில் எழுதப் போகிறாள்?

இப்போது எழுதியதை அழிக்கப் பார்த்தாள். மேனேஜரின் அனுமதி இல்லாமல் இலக்கை நீக்க முடியாது என்றது செயலி.

"வுடுக்கா. சாராவது, இதெல்லாம் பாக்கறதாவது" என்றான் பிரபு.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கஸ்தூரிரங்கன் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவர் கையில் போன் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை இன்னொரு தடவை படித்தார்.

"சார், தெரியாம..."

"எழுதினது தெரியாமலா, எல்லாருக்கும் போனது தெரியாமலா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது அவளுக்கு. "போனதுதான் சார் தெரியாம. எழுதினது தெரிஞ்சுதான்."

அப்புறம் நிலாவைப் பற்றிச் சொன்னாள். டே கேரைப் பற்றிச் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அழுதாள்.

அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். அங்கே மணி ஆறாகியும் எல்லாத் தலைகளும் கம்ப்யூட்டருக்குள் புதைந்திருந்தன.

"ஆறு மணிக்கு மேல உனக்கு ஒரு வேலையும் இல்லையா?"

"இல்ல சார்."

"அவாளுக்கு?"

காட்டிக் கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கினாள். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"யாருக்குமே இல்ல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். இன்றிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பச் சொன்னார். மற்றவர்களிடமும் அப்படியே சொல்லிவிடச் சொன்னார்.

ஜானகியால் சட்டென்று நம்ப முடியவில்லை. அவர் முகத்தை இரண்டு தடவை பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது என்னவோ சட்டென்று இறங்கிப் போனதுபோல் இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்திலேயே வீட்டுக்கு நடக்கலாம்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"தேங்க்ஸ் நான்னா சொல்லணும்" என்றார் கஸ்தூரிரங்கன், மேஜையடியில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தபடி. "நீங்கள்லாம் தலை நிமிராம வேலை பண்ணிண்டிருக்கச்சே, புதுசா வந்தவன் மொதல்ல எழுந்து போனா நன்னாருக்காதேன்னு, மூணு மாசமா நானும் சும்மாதாம்மா உக்காந்துண்டிருக்கேன்."